மனநலச் சிகிச்சையும் அறக்கொடையும்

மனநலச் சிகிச்சைக்கான அறக்கொடை என்பது, மனநோயால் அவதிப்படுவோருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் உரிமைப் பாதுகாப்பும் கிடைக்கும்படி அறக்கட்டளைகளும் தொழில் நிறுவனங்களும் தனிமனிதர்களும் தரும் நிதியைக் குறிக்கும். உலக அளவில் அரசுகள் தம் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ 2 விழுக்காட்டையே மனநலத்துக்கு ஒதுக்குகின்றன. வளரும் நாடுகளுக்கு வெளியிலிருந்து வரும் சுகாதார உதவியில் மனநலத்தின் பங்கு 1 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. இவ்வளவு வறண்ட துறையில் சிறு தொகைகூட, சரியான இடத்தில் சேர்ந்தால், ஒரு மாவட்டத்தின் நிலையை மாற்றிவிடும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்கிறார்கள். கோளாறின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. மனநல மருத்துவர்கள் குறைவு என்பது ஒரு காரணம்தான். மாவட்டத் தலைநகருக்கான பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவர் இழக்கும் நாள்கூலி, மருந்தகத்தில் இருப்பு இல்லாத மாத்திரை, ஊரார் பேச்சுக்கு அஞ்சும் குடும்பம் ஆகிய எல்லாமே வழியை அடைக்கின்றன. கொடையாளர்கள் எதற்குப் பணம் தரவேண்டும் என்பதற்கான விடை பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் நெடுங்காலம் மனநலச் சிகிச்சை என்றால் சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை என்றே பொருள். 1794இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் எம். சாரதா மேனன், மருத்துவமனையைவிட்டு வெளியேறும் நோயாளிக்கு அடுத்து என்ன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு 1984இல் ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தெருவில் கைவிடப்பட்ட, மனநோயுற்ற பெண்களுக்காக பான்யன் அமைப்பை உருவாக்கினர். இரண்டையும் தொடக்கத்தில் தாங்கிப்பிடித்தது நன்கொடைதான்.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி இயங்கிய தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் கொடுமைக்காரர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அருகில் வேறு சிகிச்சை எதுவும் இல்லாதபோது எட்டும் தொலைவில் இருந்த நம்பிக்கையைப் பற்றிக்கொண்டவர்கள் அவர்கள். இதை உணர்ந்து எழுந்த முயற்சிதான் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் மீரா தாதர் தர்காவில் 2008இல் ஒரு தொண்டு நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து தொடங்கிய ‘தவா–துவா’ (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டம். வழிபாட்டைத் தடுக்காமல், அதே வளாகத்தில் மருத்துவரையும் மருந்தையும் கொண்டுவந்து வைத்தார்கள். இம்முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது.

களப்பணியாளர்கள்

அறக்கொடையால் இத்துறைக்குக் கிடைத்த பெரும்பயன், மருத்துவர் அல்லாதவர்களும் பயிற்சி பெற்றால் சிகிச்சையின் ஒரு பகுதியைச் செய்ய முடியும் என்று நிறுவியதே. கோவாவில் 1996இல் தொடங்கப்பட்ட சங்காத் அமைப்பு, பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை நிதியுடன் 24 மருத்துவ நிலையங்களில் ஒரு பெரும் சோதனையை நடத்தியது. உள்ளூர் மக்களில் சிலரைத் தேர்ந்து ஆலோசகர்களாகப் பயிற்றுவித்து, மனச்சோர்வு, பதற்றக் கோளாறு உள்ளவர்களைத் தொடர்ந்து சந்திக்கவைத்தனர். 2010இல் வெளியான முடிவின்படி, அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் குணமடைந்தோர் இந்த முறையில் சுமார் 66 விழுக்காடு. வழக்கமான முறையில் சுமார் 42 விழுக்காடு. தனியார் மருத்துவர்களிடம் இந்த வேறுபாடு தெரியவில்லை. அங்கே நோயாளியை ஏற்கெனவே அறிந்த குடும்ப மருத்துவர் இருப்பது காரணமாக இருக்கலாம். எப்படியாயினும், கூட்டம் நெரியும் அரசு நிலையங்களில்தான் ஆலோசகரின் கூடுதல் உழைப்பு கண்கூடாகப் பலன் தந்தது. கொடையாளர் ஒருவர் கவனிக்கவேண்டிய முடிவு இது.

மனச்சிதைவு போன்ற கடும் நோய்களில் பலன் இவ்வளவு தாராளமாக இல்லை. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களில் 282 பேருடன் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், மருத்துவமனைச் சிகிச்சையோடு களப்பணியாளர் வீட்டுக்கே சென்று உதவியபோது நோய்க்குறிகளும் செயலிழப்பும் ஓரளவே குறைந்தன. ஓரளவே என்றாலும், மாத்திரையைத் தவறாமல் எடுப்பது, குளித்து உடுத்துவது, அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது என்று நாள் நகரும் ஒரு வீட்டில் அது அற்பமான மாற்றம் அன்று.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய ‘நட்பு இருக்கை’ திட்டத்தில், சுகாதார நிலைய வளாகத்தில் போடப்பட்ட மர இருக்கையில் அமர்ந்து, பயிற்சி பெற்ற பாட்டிமார் அப்பகுதி மக்களின் சிக்கல்களைக் கேட்டு, ஒவ்வொன்றாகத் தீர்க்க உதவுகிறார்கள். கனடாவின் கிராண்ட் சேலஞ்சஸ் அமைப்பின் நிதியில் நடந்த சோதனை 2016இல் வெளியாகி, இதன் பலனை உறுதிசெய்தது. பாட்டிமாரைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இருக்கும் மேற்பார்வையாளர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. பயிற்சி முகாம் ஒன்றோடு நிதியை நிறுத்திவிட்டு, வாராவாரம் களப்பணியாளரின் சந்தேகங்களைக் கேட்டுத் திருத்துபவருக்கு ஊதியம் தராமல் விடும் திட்டங்கள் நிலைப்பதில்லை.

தூரமும் வீடும்

ஸ்கார்ஃப் 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், டாடா அறக்கட்டளைகளில் ஒன்றின் ஆதரவோடு, காணொளி வசதி பொருத்திய பேருந்து ஒன்றைக் கிராமங்களுக்கு அனுப்பியது. நோயாளி பேருந்துக்குள் அமர்ந்து சென்னையில் உள்ள மருத்துவருடன் பேசலாம். மருந்தும் அங்கேயே இலவசமாகத் தரப்பட்டது. ஊருக்குள் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டறிந்து, வராதவர்களைத் தேடிப்போன உள்ளூர்ப் பணியாளர்கள் இல்லாமல் இத்திட்டம் நடந்திருக்காது.

நோய் தணிந்தும் போக இடமில்லாமல் மருத்துவமனைகளிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டோர் ஒரு தனிப் பிரிவினர். குடும்பம் அழைத்துக்கொள்ளாது, அல்லது குடும்பமே எங்கிருக்கிறது என்று தெரியாது. இவர்களுக்காக பான்யன் உருவாக்கிய ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில், நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். துணைக்குப் பணியாளர் இருப்பார். தேவைக்கேற்ப அந்தத் துணை கூடும், குறையும். சமைப்பது, கடைக்குப் போவது, அக்கம்பக்கத்தாரிடம் பேசுவது எல்லாம் அவர்கள் விருப்பம். கிராண்ட் சேலஞ்சஸ் கனடாவின் தொடக்க நிதியில் வளர்ந்து, வேறு கொடையாளர்களின் துணையோடு கேரளம், மகாராஷ்டிரம், அஸ்ஸாம் ஆகிய மாநிலங்களுக்கும் பரவிய இத்திட்டத்தை, உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் முன்மாதிரிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஹராரேயின் இருக்கையும், மெஹ்சானா கிராமங்களில் தன்னார்வலர்களைக் கொண்டு நடக்கும் ‘ஆத்மீயதா’ திட்டமும் அதே வழிகாட்டியில் உண்டு. மூன்றுமே அறக்கொடையின் துணையோடு வளர்ந்தவை. ஆத்மீயதாவின் ஆதரவாளர்களில் ஒன்று, 2015இல் மும்பையில் உருவான மரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ். இந்திய அறக்கட்டளைகளில் மனநலத்தை மட்டுமே தன் பணியாகக் கொண்டவை அரிது என்பதால் அது தனித்துத் தெரிகிறது.

விதிகளும் கால அளவும்

நிறுவனங்கள் சட்டம், 2013, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ வரவோ இலாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும் என்கிறது. மருத்துவம் அதில் அனுமதிக்கப்பட்ட துறை. ஆயினும் இந்தச் சி.எஸ்.ஆர் நிதி, பெயர்ப்பலகை மாட்டக்கூடிய கட்டடத்தையும் கருவியையும் நாடிச் செல்வதே வழக்கம். மனநலச் சிகிச்சையில் கருவி குறைவு. செலவில் பெரும்பகுதி மனிதர்களின் ஊதியம். நிறுவனம் தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்ற விதியால், தொழிற்சாலை இல்லாத மாவட்டங்களுக்கு இந்நிதி எட்டுவது கடினம். பல்லாண்டுத் திட்டம் என்று விதிகள் ஏற்பதும், தொடங்கிய ஆண்டு நீங்கலாக, மூன்று ஆண்டுகள் வரைதான். இருபது வயதில் மனச்சிதைவு வந்த ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் துணை தேவைப்படலாம். மூன்றாண்டில் மூடப்படும் மையம் அவரைப் பழைய இடத்திலேயே விட்டுச்செல்கிறது.

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், நிதி பெற்ற அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடைசெய்தது; நிர்வாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெரிய அமைப்பு வழியாக நிதி பெற்றுவந்த சிறு கிராமக் குழுக்களை இது நேரடியாகப் பாதித்தது. உள்நாட்டுக் கொடையாளர்களின் பொறுப்பு அதனால் கூடியிருக்கிறது.

நிலையான வழி, அரசு கையேற்கும் வழிதான். தமிழ்நாட்டில் தெருவில் மீட்கப்படும் மனநோயாளிகளுக்கான அவசரச் சிகிச்சை, மீட்பு மையங்கள் அரசு மருத்துவமனை வளாகங்களிலேயே தொண்டு நிறுவனங்களின் துணையோடு நடக்கின்றன. 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண்ணை (14416) யாரும் கட்டணமின்றி அழைக்கலாம். அழைத்தவரை அடுத்து நேரில் பார்க்க அருகில் ஒருவர் இருக்கிறாரா என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது. அந்த ஒருவரை ஏற்படுத்தி, அரசுப் பணியிடம் உருவாகும்வரை ஐந்தாண்டோ பத்தாண்டோ ஊதியம் கொடுத்துக் காப்பதைவிடப் பயனுள்ள கொடை இன்று இத்துறையில் வேறில்லை.

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மாநில மனநல ஆணையங்களில் மனநோயுடன் வாழ்பவர்கள் அல்லது அதிலிருந்து மீண்டவர்களின் சார்பாளர்களுக்கும் பராமரிப்பவர்களின் சார்பாளர்களுக்கும் இடம் ஒதுக்கியது. நிதியைப் பிரித்துத் தரும் அறக்கட்டளைகளின் தேர்வுக் குழுக்களில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அதைத் தாமாகவே ஏற்றுக்கொள்ளத் தடையும் எதுவும் இல்லை.