பூ வைத்தால் பெண்ணா? பாலின வெளிப்பாடும் குழந்தையின் தர்க்கமும்

முடியிறக்குவதற்கு முன் ஆண் குழந்தைக்குச் சடை பின்னி, பூச்சூட்டி, பட்டுப்பாவாடை கட்டிப் படம் எடுத்துவைப்பது தமிழ்நாட்டில் பல வீடுகளின் வழக்கம். படத்தைப் பார்ப்பவர்கள் அழகு என்கிறார்கள். அதே பையன் ஐந்து வயதில் அக்காவின் வளையலை மாட்டிக்கொண்டால் அதே வாய்கள், “நீ என்ன பொட்டப்புள்ளையா?” என்கின்றன.

குழந்தைகள் கள்ளமற்றவர்கள், பெரியவர்கள்தாம் கெடுக்கிறோம் என்று சொல்வதுண்டு. இது பாதி உண்மை. நான்கு, ஐந்து வயதுக் குழந்தை பாலின விதிகளில் பெற்றோரைவிடக் கறாராக இருக்கும். உடையும் முடியும் மாறினாலும் ஒருவரின் பாலினம் மாறாது என்ற நிலைபேற்றுணர்வு ஏறத்தாழ ஆறேழு வயதில்தான் உறுதிப்படுகிறது என்று உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1966இல் வாதிட்டார்.

அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா பெம் தம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றை எழுதியிருக்கிறார். அவருடைய மகன் தலையில் கிளிப் மாட்டிக்கொண்டு மழலையர் பள்ளிக்குப் போனான். கிளிப் மாட்டியவள் பெண்தான் என்று வகுப்புப் பையன் ஒருவன் விடாமல் சாதித்தான். பொறுமையிழந்த மகன் கால்சட்டையை இறக்கியே காட்டிவிட்டான். மற்றவன் அசரவில்லை: அது எல்லாருக்கும் இருப்பதுதானே, கிளிப்தான் பெண்களுக்கு மட்டும் உரியது என்றானாம்.

அந்தப் பையனிடம் வெறுப்பு இல்லை. கண்ட சான்றுகளிலிருந்து விதி வகுத்திருக்கிறான், அவ்வளவே. ஆகவே “கேலி செய்யாதே” என்ற அறிவுரை அவனுக்குப் போதாது. உடலையும் அலங்காரத்தையும் பிரித்துக் காட்டும் எதிர்ச்சான்றுகள் வேண்டும்: தெருக்கூத்தில் திரௌபதி வேடம் கட்டும் ஆண், குடுமி வைத்த தாத்தா, கிராப்பு வெட்டிய அத்தை. கேலிப் பேச்சு செய்யும் தீங்கு வேறு. தானே தளரவேண்டிய விதியை அது இறுக்கிவிடுகிறது.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. வளையல் மாட்டிய பையனை உடனே திருநங்கை என்று முடிவுகட்டுவதும் அந்த மழலைத் தர்க்கமே. பாலின வெளிப்பாடு வேறு, பாலின அடையாளம் வேறு. தன்னை யாரென்று சொல்லவேண்டியது அந்தக் குழந்தைதான். அது சொல்லும்போது காதுகொடுப்பது நம் வேலை.

மொழியையும் கவனிக்க வேண்டும். தொல்காப்பியம், ஆண்மை திரிந்தாரைச் சுட்டும் பெயருக்குத் தனி ஈறு இல்லையென்று கூறி உயர்திணைக்குள்ளேயே வைத்தது. ஆண்பாற் சொல் அதற்குப் பொருந்தாது என்றும் விதித்தது. இன்று பேருந்தில் கைதட்டி வருபவரைப் பார்த்து, “அது வருது” என்கிறோம். குழந்தையை ‘அது’ என்றால் செல்லம், திருநங்கையை ‘அது’ என்றால் இழிவு. மடியில் இருக்கும் ஐந்து வயதுக் காது விளக்கம் கேட்காமலே இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளும். “அவங்க வர்றாங்க” என்பதற்குப் புதுச்சொல் எதுவும் ஆக்கவேண்டியதில்லை.

2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியாகப் பெற்றோருக்குப் பாலின வேறுபாடுகள் பற்றிய விழிப்புணர்வைக் கொண்டுசெல்லலாம் என்று வழிகாட்டியது. அதே ஆண்டு நவம்பரில், திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது குறித்து என்சிஇஆர்டி வெளியிட்ட ஆசிரியர் கையேடு, எதிர்ப்பு எழுந்ததும் இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது. கையேடு வரும்வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டாம். மொட்டைக்கு முன் எடுத்த படம் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு அதுவே நல்ல பாடநூல்.