வண்டலூர் ஹெரால்டும் உரசுற டயரும்

"புது அலாய் வீல் போட்டேன், பார்க்க செமயா இருக்கு, ஆனா ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடிச்சா கர்ர்னு உரசுது, என்ன பண்றது?" கார் பைத்தியங்கள் நாலு பேர் சேர்ந்தா இந்தக் கேள்வி வராம இருக்காது. இன்னைக்கு இதை ஹிஸ்டரி வழியா பார்க்கலாம். அதுக்கு இத்தாலி, ஜெர்மனின்னு போக வேண்டாம். தாம்பரத்துல ஏறி ஜி.எஸ்.டி. ரோட்டுல தெற்கே கொஞ்ச தூரம் போனா போதும்.

பெருங்களத்தூர்ல ஸ்ரீராம் கேட்வேன்னு ஒரு பெரிய ஐ.டி. வளாகம் இருக்கே, இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற சில பேர் இப்போ அங்கேதான் ஷிஃப்ட்ல இருப்பீங்க. அந்த நிலத்துல ஒரு காலத்துல கார் செஞ்சாங்க. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948-ல் ஆரம்பிச்ச கம்பெனி. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியோட கூட்டு. முதல்ல வேன்கார்டு, அப்புறம் ஸ்டாண்டர்டு டென், அப்புறம் 1961-ல் நம்ம கதாநாயகன்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஹெரால்டு இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் என்ற பெயரில் 1959-ல் வந்த கார். டிசைன் பண்ணவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலோட்டி. பானெட்டும் முன்பக்க மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டா முன்னாடி கவிழும். அடியில தனி சேசிஸ். அந்தச் சேசிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேல ரெண்டு சீட் பாடியை வச்சு 1962-ல் இங்கிலாந்தில் விட்டதுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். உலகம் முழுக்க ரசிகர்கள் உள்ள ஸ்போர்ட்ஸ் கார். அதாவது, நம்ம ஊர்ல தாத்தாக்கள் குடும்பத்தோட கோயிலுக்குப் போன வண்டியும், அங்கே இளசுகள் ஓட்டின ஸ்போர்ட்ஸ் காரும் அடிப்படையில அண்ணன் தம்பி. சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய ரேஸ்களில் ஹெரால்டும் ஓடுச்சுன்னா, அந்த ரத்தம் இதுல இருந்ததுதான் காரணம்.

இப்போ சக்கரத்துக்கு வருவோம். ஒரிஜினல் ஹெரால்டின் ரிம் அகலம் 3.5 இன்ச்தான். டயர் 5.20-13. அதாவது அகலம் சுமார் 132 மி.மீ. இன்னைக்கு ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கே 165, 185-ல் ஓடுது. அப்போ ஹெரால்டுக்கு அகலமான வீல் போடணும்னு ஆசைப்பட்டவருக்கு ரெண்டு இடத்துல சிக்கல்.

முதல் சிக்கல் முன்னாடி. ஹெரால்டோட பெருமையே அது 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பிடும் என்பதுதான். சின்னத் தெருவுல ரிவர்ஸே எடுக்காம யூ-டர்ன் போடலாம். ஆனா அவ்வளவு சின்ன வட்டத்துல திரும்பணும்னா, முன் சக்கரம் அவ்வளவு அதிகமா ஒடியணும். ஒடியும்போது டயரோட உள் ஓரம் சேசிஸ் பக்கம் போகும். ஒல்லி டயருக்குக் கணக்குப் போட்டு விட்ட இடைவெளி அது. குண்டு டயரைப் போட்டா, நேரா போகும்போது ஒண்ணும் தெரியாது, ஃபுல்லா ஒடிச்சாத்தான் உரசும். இன்னைக்கு நம்ம கேள்வியும் அதேதான், கவனிச்சீங்களா?

ரெண்டாவது சிக்கல் பின்னாடி. இதுதான் உண்மையான கதை. ஹெரால்டின் பின் சஸ்பென்ஷன் பேரு ஸ்விங் ஆக்ஸில். டிஃபரன்ஷியல் சேசிஸோட அசையாம இருக்கும். அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் ஒரு கை மாதிரி ஆக்ஸில் நீளும். மடங்குறது தோள்பட்டையில மட்டும், மணிக்கட்டு மடங்காது. அதனால சக்கரம் மேல ஏறினா, அதோட மேல்பகுதி உள்பக்கம் சாயும். சக்கரம் கீழே தொங்கினா மேல்பகுதி வெளிப்பக்கம் சாயும். சக்கரம் நேர்கோட்டுல ஏறி இறங்காது, ஒரு வில் போல வளைஞ்சு போகும்.

அப்போ உரசுமா உரசாதான்னு வண்டி சும்மா நிக்கும்போது பார்த்து முடிவு பண்ண முடியாது. ஆள் ஏறாதப்போ ஒரு நிலை. பின் சீட்டுல மூணு பேர், டிக்கியில சாமான்னா வேற நிலை. வளைவுல வேற நிலை. அந்த வில் முழுக்க டயருக்கு இடம் இருக்கணும்.

இது உரசல் பிரச்சினையோட நிக்கல. வேகமா வளைவுல போய் திடீர்னு ஆக்ஸிலரேட்டரை விட்டா, வண்டியோட பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், பிடிமானம் போயிடும். அமெரிக்காவில் ஷெவர்லே கார்வேரில் இதே மாதிரி ஆக்ஸில் இருந்ததை வச்சுத்தான் ரால்ஃப் நேடர் 1965-ல் தன் புகழ்பெற்ற புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை எழுதினார். ஸ்பிட்ஃபயரிலும் இந்தக் குணம் இருந்துச்சு. ட்ரையம்ஃப் 1970-ல் மார்க் ஃபோர் மாடலில்தான் ஸ்பிரிங்கை மாத்தி இதை அடக்கினாங்க.

வண்டலூர்ல என்ன பண்ணாங்க? இங்கே வாங்கினவங்களுக்கும் ஸ்விங் ஆக்ஸில் பெரிசா பிடிக்கல. நம்ம ஊர்ல அஞ்சு பேர் வண்டியில ஏழு பேர் போறது சகஜம். அந்த லோடுல பின் சக்கரங்கள் கால் அகட்டி நிக்கிற மாதிரி விரியும். அதனால 1972-ல் ஹெரால்டுக்குப் பதிலா வந்த கெஸல் மாடலில் அதைத் தூக்கிட்டு, லாரிக்கு அடியில பார்ப்போமே, அந்த மாதிரி ஒரே தண்டா இருக்கிற ஆக்ஸிலும் லீஃப் ஸ்பிரிங்கும் போட்டாங்க. சில பேர் இதைப் பின்னோக்கிப் போன டிசைன்னு சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணல. எந்த ரோடு, எவ்வளவு லோடு, யார் ரிப்பேர் பண்ணப் போறாங்கன்னு பார்த்துட்டுத்தான் மாத்தினாங்க. வீலும் சஸ்பென்ஷனும் பாடியும் ஒரே கணக்கு. ஒண்ணை மாத்தினா மத்த ரெண்டையும் திரும்பப் போடணும். அந்தக் கணக்கைத் தெரிஞ்ச ஆட்கள் நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டுல இருந்தாங்க. கெஸல் 1977 வாக்கில் நின்னுச்சு. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்து, அதுவும் தோத்து, 1988-ல் ஃபேக்டரியே மூடிட்டாங்க.

இந்தக் கணக்கை இன்னைக்கு உங்க வண்டிக்குப் போட்டுப் பார்ப்போம். ரிம்மோட நடுக்கோட்டுக்கும் ஹப்ல போய் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். உங்க பழைய வீல் 6 இன்ச், ஆஃப்செட் 45 மி.மீ. புதுசு 7.5 இன்ச், ஆஃப்செட் 35. அகலம் 38 மி.மீ. கூடுது, பக்கத்துக்கு 19. ஆஃப்செட் 10 குறைஞ்சதால வீல் முழுக்க 10 மி.மீ. வெளியே தள்ளுது. ஆக வெளிப்பக்கம் 29 மி.மீ. நீட்டும், உள்பக்கம் 9 மி.மீ. நெருங்கும். கடையில "அப்படியே உட்காரும் தம்பி"ன்னு சொன்னா, இந்த ரெண்டு நம்பரைக் கேளுங்க.

ஏற்கெனவே உரசுதா? முதல்ல எங்கேன்னு கண்டுபிடிங்க. டயர்லயும் ஃபெண்டர் உள்ளேயும் தேய்ஞ்ச தடம் இருக்கும். ஃபுல்லா ஒடிக்கும்போது மட்டும்னா, பெரும்பாலும் பிளாஸ்டிக் லைனர். ஸ்பீடு பிரேக்கர்ல, பின் சீட்ல ஆள் இருக்கும்போதுன்னா ஃபெண்டர் விளிம்பு. உள்பக்கம் ஷாக் அப்சார்பர் கிட்டன்னா ஆஃப்செட் தப்பு. ஸ்பேசர் உள்பக்க உரசலைத்தான் தீர்க்கும், வெளிப்பக்க உரசலை அதிகமாக்கும், பேரிங்குக்கும் சுமை. முதல் மருந்து சரியான டயர் சைஸ், அடுத்து சரியான ஆஃப்செட், அடுத்து ஸ்பிரிங் உயரம். டிங்கரிங் பண்ணி ஃபெண்டர் விளிம்பை மடக்குறது கடைசி. ஒருமுறை மடக்கினா பழைய மாதிரி ஆகாது, பெயின்ட் விட்டா துருப்பிடிக்கும்.

உரசலைச் சத்தம்தானேன்னு விடாதீங்க. டயரோட பக்கச் சுவர்தான் மெல்லிசு. தகரம் அதைத் தினமும் சீவிக்கிட்டே இருந்தா, ஒருநாள் ஈ.சி.ஆர்.ல நூறுல போகும்போது வெடிக்கும். சட்டமும் இருக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவை வச்சு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதனால உங்க மாடலோட டாப் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கிற வீல் சைஸோட நிறுத்திக்கிறது நல்லது.

எங்கேயாவது ஒரு பழைய ஹெரால்டைப் பார்த்தா, ஓனர்கிட்ட கேட்டுட்டு, குனிஞ்சு பின் சக்கரத்தைப் பாருங்க. கொஞ்சம் சாய்ஞ்சுதான் நிக்கும். ஏன்னு இப்போ உங்களுக்குத் தெரியும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம், பத்திரமா ஓட்டுங்க.