இரத்தத்தில் எஞ்சிய இரண்டெழுத்து

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். முகத்தைக் கடித்துக் குதறியது போன்ற புண்ணுக்கு இடைக்கால ஐரோப்பாவில் இட்ட பெயர். 1851இல் பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையின் கசெனாவ் அதன் ஒரு வகையைச் 'சிவந்த லூபஸ்' எனப் பிரித்தெழுதியபோது எங்கள் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. அந்நோய் தோலோடு நிற்பதன்று, உடல் முழுவதையும் பற்றுவது என்று 1872இல் வியன்னாவின் கபோசி காட்டினார்.

நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். மூட்டுவலி, தீராத அசதி, முடி உதிர்தல், வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்பு. இவற்றைத் தனித்தனியே சொல்லும் பெண்ணுக்கு வீடு வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: உடம்பு வணங்காதவள். சதையை உதறிப் பேயுருவை வேண்டிய அம்மையாருக்கு ஆனியில் மாங்கனி இறைக்கும் ஊரிலும் இதே பேச்சுதான்.

பெண்ணின் சொல்லுக்கு இரத்தம் சாட்சி சொன்னது மிகவும் பிந்தி. 1957இல் பல ஆய்வகங்கள் ஒரே ஆண்டில் கண்டன: இந்நோயில் உடல் தன் டிஎன்ஏவையே பகையாகக் கருதி அதற்கெதிராக எதிர்ப்பொருள் செய்கிறது. 1966இல் டானும் குங்கெலும் இன்னொன்றைக் கண்டு 'எஸ்எம்' என்றனர். அது ஒரு பெண் நோயாளியின் குடும்பப் பெயரில் முதல் இரண்டு எழுத்து. காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் ஆனவருக்கு நச்செள்ளையார் என்ற பெயரும் எஞ்சியது. உலகெங்கும் ஆய்வக அறிக்கைகளில் அச்சாகும் இப்பெண்ணுக்கோ இரண்டெழுத்துதான். தமிழ் படித்த எனக்கு இது உறுத்துகிறது.

இந்தச் சாட்சிகள் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஏஎன்ஏ ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் இருக்கும். நோய் தணிந்தாலும் போகாது. ஆகவே அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வீண்செலவு. எஸ்எம் நோயை உறுதிப்படுத்தும். அதன் ஏற்ற இறக்கத்தைச் சொல்லாது. அதைப் பெரும்பாலும் சொல்வது டிஎன்ஏ எதிர்ப்பொருள்தான். அது ஏறி, சி3, சி4 புரதங்கள் இறங்கினால், குறிப்பாகச் சிறுநீரகத்துக்கு ஆபத்து நெருங்கியிருக்கலாம். சிறுநீரில் புரதம் போகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, படையினரின் சேமித்த இரத்தத்தைச் சோதித்தது. பின்னாளில் லூபஸ் கண்ட 130 பேரில் 115 பேருக்கு, நோய் அறியப்படும் முன்பே எதிர்ப்பொருள் இருந்தது. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கும் முன்பு. உடல் அவ்வளவு காலம் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் இரத்தமும் முழுச் சாட்சியன்று. எதிர்ப்பொருள் மிகுந்தும் நோயடங்கி வாழ்வோர் உண்டு; எண் ஏறாமலே நோய் முற்றுவோரும் உண்டு. அதனால்தான் நல்ல மருத்துவர் அறிக்கையோடு அவளையும் கேட்கிறார். புதுச்சேரி ஜிப்மரில் இதற்கென்றே நோயெதிர்ப்பியல் துறை இருக்கிறது. காரைக்காலிலிருந்து அங்கே சுமார் 130 கிலோமீட்டர். அந்தத் தொலைவைவிட நீளமானது, 'எனக்கு முடியவில்லை' என்று ஒருத்தி சொல்வதற்கும் வீடு அதை நம்புவதற்கும் இடையிலான தூரம். அதைக் குறைக்க எந்தப் பரிசோதனையும் தேவையில்லை.