கரண்டியும் மெழுகுவர்த்தியும்

லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் செய்த சோதனைக்கு ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவர்த்தியும் போதுமாயிருந்தன. உடல் வீங்கிய நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்திச் சுடரில் காட்டவேண்டும். முட்டை வெண்கருபோல் அது திரைந்தால் அதில் அல்புமின் என்னும் புரதம் உண்டு. சூட்டில் திரையும் சிறுநீரைப் பற்றி இத்தாலியரான கொட்டுன்யோ முன்பே எழுதியிருந்தார். பிரைட் அத்துடன் நிற்கவில்லை. இறந்தோர் உடலை அறுத்துப் பார்த்து, வீக்கம், புரதம், சிதைந்த சிறுநீரகம் மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என 1827-இல் அறிவித்தார். அந்நோய்க்கு நெடுங்காலம் அவர் பெயரே வழங்கியது.

பிரைட்டுக்குப் புரதம் ஓர் அடையாளம்தான். பின்வந்தோர், கசியும் புரதமே சிறுநீரகத்தை மேலும் புண்படுத்துகிறது என்று கருதத் தொடங்கினர். 1993-இல், ரத்த அழுத்த மருந்தான கேப்டோப்ரில் முதல்வகை நீரிழிவினரின் சிறுநீரகச் சிதைவைத் தாமதப்படுத்தியது நிறுவப்பட்டது. அடையாளம் இலக்காக மாறியது இப்படித்தான்.

வைட்டமின் டி இக்கதைக்குள் நுழைந்தது வேறொரு வாசல் வழியாக. அது தன் செயல்வடிவத்தைப் பெறுவது சிறுநீரகத்தில்தான் என்று கேம்பிரிட்ஜில் ஃப்ரேசரும் கோடிசெக்கும் 1970-இல் கண்டனர். சிறுநீரகம் நலிந்தால் எலும்பு ஏன் நலிகிறது என்ற புதிரின் பெரும்பகுதி அத்தோடு விலகியது. 2002-இல் சிகாகோவில் யான் சுன் லீ குழுவினர், வைட்டமின் டி ஏற்பி இல்லாத எலிகளில் ரெனின் மிகுவதைக் காட்டினர். ரெனின் தொடக்கிவைக்கும் சங்கிலியின் ஒரு கண்ணியைத்தான் கேப்டோப்ரில் அறுக்கிறது. அப்படியானால் வைட்டமின் டியும் புரதக் கசிவைத் தணிக்குமோ?

நம்பிக்கைக்கு இடமிருந்தது. பாராதைராய்டு சுரப்பிக்காகப் பாரிகால்சிடால் என்ற வைட்டமின் டி வழிமருந்தைச் சோதித்த மூன்று ஆய்வுகளின் தரவுகள் 2005-இல் இந்தக் கோணத்தில் வெளியாயின. புரதம் கசிந்தோரில், மருந்துண்டவர்களுள் 51 விழுக்காட்டினருக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுள் 25 விழுக்காட்டினருக்கும் கசிவு குறைந்திருந்தது. அளவுகோல், பிரைட்டின் கரண்டிக்கு வாரிசான நிறம் மாறும் காகிதப் பட்டை!

2010-இல் 281 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த வைட்டல் ஆய்வில் அந்த வேறுபாடு சுருங்கியது. மருந்து பெற்றோர் அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் அல்புமின் 16 விழுக்காடு குறைந்தது. வெற்று மாத்திரைக்கு 3. புள்ளியியல் கோட்டை அது தாண்டவில்லை. 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வு (அதன் பெயரும் வைட்டல்தான், தேடிப் படிப்போர் கவனிக்க) 1,312 பேருக்கு ஐந்தாண்டுகள் வைட்டமின் டி3 தந்து பார்த்தது. சிறுநீரகச் செயல்திறன் தேயும் வேகத்தில் மாற்றமில்லை. பட்டையின் நிறம் மாறுவதும் சிறுநீரகம் பிழைப்பதும் ஒன்றல்ல என்பதை, இருபதாண்டு ஆர்வத்தில் பலர் மறந்தே போயினர் என்று தோன்றுகிறது.

இவற்றிடையே 2017-இல் நெதர்லாந்திலிருந்து வந்த சிறிய ஆய்வொன்று அதிகம் பேசப்படவில்லை. நீரிழிவு இல்லாத 45 நோயாளிகள். எல்லோரும் கேப்டோப்ரில் வகை மருந்தில் இருந்தவர்கள். அவர்களுக்குப் பாரிகால்சிடாலையும் உப்புக் குறைந்த உணவையும் மாற்றி மாற்றித் தந்து ஒப்பிட்டனர். பாரிகால்சிடாலால் சொல்லத்தக்க மாற்றமில்லை. உப்பைக் குறைத்தபோது புரதக் கசிவு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது.