வெள்ளணு வேட்டை – 7: எதற்கு இத்தனை ஆக்சிஜன்?

நாயின் ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணுக்கள் கண்ணாடிக் குடுவைக்குள் காத்திருந்தன. ஆண்டு 1933. கருவி, ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க்கின் பெயரால் வழங்கும் அழுத்தமானி. வெதுவெதுப்பான தொட்டியில் குடுவை ஆடிக்கொண்டே இருக்கும். அணுக்கள் விடும் கரியமில வாயுவை உள்ளேயிருக்கும் காரம் உறிஞ்சிவிடும். அதனால் குடுவையில் அழுத்தம் குறைந்தால், அந்த அளவுக்கு ஆக்சிஜன் செலவாகியிருக்கிறது என்று பொருள். மெல்லிய குழாயில் திரவம் ஏறி இறங்குவதைப் பார்த்தே கணக்கிட்டுவிடலாம். இவ்வளவு எளிய கருவி ஒரு பெரிய ரகசியத்தின் வாசலைத் திறந்தது என்பதே எனக்குத் தீராத வியப்பு.

பால்ட்ரிட்ஜ், ஜெரார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த அணுக்களுக்குப் பாக்டீரியாக்களை இரையாகக் கொடுத்தார்கள். ஆக்சிஜன் செலவு சட்டென்று எகிறியது.

ஓடியாடி உழைப்பவனுக்கு மூச்சு வாங்குவதுபோல, விழுங்கும் வேலைக்கு ஆற்றல் தேவைப்படுகிறது. அதற்குத்தான் இந்த ஆக்சிஜன். அன்றைய விளக்கம் இதுதான். கேட்பதற்குப் பொருத்தமாகவும் இருந்தது.

அளவு சரி. விளக்கம் தவறு.

அதை அசைக்க 26 ஆண்டுகள் ஆயின. 1959இல் ஸ்பாராவும் கார்னோவ்ஸ்கியும், ஆக்சிஜனே இல்லாவிட்டாலும் வெள்ளணுக்கள் விழுங்கும் என்று காட்டினார்கள். குளுக்கோஸை ஆக்சிஜன் இன்றி உடைத்துக் கிடைக்கும் ஆற்றலே அவற்றுக்குப் போதுமானது. சயனைடு உயிரணுவின் வழக்கமான சுவாசத்தை முடக்கும் நஞ்சு. அதைக் கலந்த பிறகும் அந்தக் கூடுதல் ஆக்சிஜன் செலவு நிற்கவில்லை!

அப்படியானால் அந்த ஆக்சிஜன் எங்கே போனது?

1961இல் குவாஸ்டலின் குழு ஒரு தடயத்தைக் கண்டது. விழுங்கும் வெள்ளணுக்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. புண்ணைக் கழுவ மருத்துவர்கள் பயன்படுத்திய அதே கிருமிநாசினி. ஆக, இது உழைப்பின் களைப்பல்ல, ஆயுதத் தயாரிப்பு. என் கணிப்பில், கதையின் திருப்பம் இந்த இடம்தான்.

இதே காலத்தில் மினசோட்டாவில் சில சிறுவர்கள் ஓயாத தொற்றுகளால் மடிந்துகொண்டிருந்தார்கள். 1957இல் பதிவான புதிய நோய் அது. அவர்களுடைய வெள்ளணுக்கள் பாக்டீரியாக்களை ஒழுங்காக விழுங்கின, ஆனால் கொல்லவில்லை.

1967இல் அந்த அணுக்களின் ஆக்சிஜன் செலவையும் அளந்தார்கள். விழுங்கும்போதும் அது உயரவே இல்லை.

அப்படியானால் அந்த அணுக்களின் ஆயுதத் தயாரிப்பில் பழுதானது எது? அடுத்த வாரம் தேடுவோம்.

(தொடரும்)