மூன்றாம் படிவ அறிவியல் தேர்வும் மொழி மாறிய பாதையும்



தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த மாணவன், இடைநிலைப்பள்ளியில் அறிவியல் நூலைத் திறக்கிறான். அவன் நன்கறிந்த 'ஆவியாதல்' அங்கே 'பெஞெஜாத்தான்' என்று நிற்கிறது. 'உராய்வு' 'கெசேரான்' ஆகிவிட்டது. 'உணவுச் சங்கிலி' 'ரந்தாய் மக்கானான்' ஆகிவிட்டது. கருத்து பழையது, பெயர்தான் புதியது. ஆயினும் வீட்டில் அவனைப் பார்ப்பவர்கள், "பையனுக்கு அறிவியல் வரவில்லை" என்றே முடிவு கட்டுகின்றனர். இந்த இடர்ப்பாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதன் வரலாற்றை அறிந்தால்தான் தேர்வுக்கான மீள்பார்வையைச் சரியாகத் திட்டமிட முடியும்.

தோட்டப்பள்ளியும் சல்லடையும்

உலு லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த செமினி, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களால் சூழப்பட்ட சிற்றூர். ரிஞ்சிங் தோட்டத்தின் பெயரை அங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளில் எழுத்தும் எண்ணுமே முதன்மை பெற்றன.

1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தமிழைத் தொடக்கப்பள்ளியின் பயிற்றுமொழியாக ஏற்றது. அரசின் உதவி பெறும் இடைநிலைப்பள்ளிகளிலோ மலாயும் ஆங்கிலமும் மட்டுமே பயிற்றுமொழிகளாயின. ஆகவே, ஆறாம் ஆண்டு முடிந்ததும் மொழி மாற்றம் தவிர்க்க முடியாததாயிற்று. அந்த இடைவெளியை அடைக்கவே ஓராண்டுப் புகுமுக வகுப்பு அமைந்தது.

இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு 1964இல் நீக்கப்பட்டது. 1965 முதல் பிள்ளைகள் மூன்றாம் படிவம் வரை தொடர்ந்து படிக்க வழி பிறந்தது. இது பெரும் பேறுதான். ஆனால் சல்லடை மறையவில்லை. ஆறாம் ஆண்டிலிருந்து மூன்றாம் படிவத்துக்கு இடம் பெயர்ந்தது. எல்.சி.இ. தேர்வில் தவறியவருக்கு அரசுப் பள்ளியில் நான்காம் படிவக் கதவு அடைபட்டது. தோட்டத்துப் பிள்ளைக்கு அதன் பொருள் என்ன? பால்மரம் வெட்டக் கத்தியை எடுப்பது என்பதே.

ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு

1969 முதல், ஸ்காட்லாந்துப் பாடத்திட்டத்தைத் தழுவிய ஒருங்கிணைந்த அறிவியல் கீழ்ப்படிவங்களில் அறிமுகமானது. மனப்பாடத்தைக் குறைத்துச் சோதனை வழியாகக் கற்பது அதன் நோக்கம். மறு ஆண்டே, 1970இல், ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டில் மலாய் பயிற்றுமொழியானது. ஆண்டுக்கொரு வகுப்பாக அம்மாற்றம் மேலேறி, 1976இல் முதலாம் படிவத்தையும் 1978இல் மூன்றாம் படிவத்தையும் எட்டியது. எல்.சி.இ. போய், எஸ்.ஆர்.பி. வந்தது. அண்ணன் ஆங்கிலத்தில் எழுதிய அறிவியல் தேர்வைத் தம்பி மலாயில் எழுதினான். அண்ணனின் குறிப்பேடு தம்பிக்கு உதவாமற்போன காலம் அது.

1983இல் நாடு முழுவதும் தொடங்கிய கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டத்தின்கீழ், அறிவியல் தொடக்கப்பள்ளியில் தனிப் பாடமாக இல்லை. 'ஆலாம் டான் மனுசியா' என்னும் பாடத்துக்குள் வரலாறு, புவியியலோடு கலந்திருந்தது. தொண்ணூறுகளில் அது மீண்டும் தனிப் பாடமாகி, 1997இல் யு.பி.எஸ்.ஆர். தேர்விலும் இடம்பெற்றது. அதன்பின் தமிழ்ப்பள்ளி மாணவர், கருதுகோள், உற்றறிதல், ஊகித்தல், மாறிகள் ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதித் தேர்வெழுதினர். இதற்கிடையே 1993இல் எஸ்.ஆர்.பி.க்கு மாற்றாகப் பி.எம்.ஆர். வந்திருந்தது.

2003: மீண்டும் ஒரு திருப்பம்

கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் 2003 ஜனவரியில் முதலாம் ஆண்டு, முதலாம் படிவம், கீழ் ஆறாம் படிவம் ஆகிய மூன்றிலும் ஒரே நேரத்தில் தொடங்கியது. 1990இல் பிறந்த தமிழ்ப்பள்ளி மாணவனை எண்ணிப் பாருங்கள். அவன் 2002இல் யு.பி.எஸ்.ஆர். அறிவியலைத் தமிழில் எழுதினான். நேரே முதலாம் படிவம் சென்றிருந்தால், மறு ஆண்டே ஆங்கிலத்தில் அறிவியல் பயின்றான். 2005இல் பி.எம்.ஆர். வினாத்தாளில் ஆங்கிலமும் மலாயும் அருகருகே இருந்தன. பன்னிரண்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் ஒரே பாடத்துக்கு மூன்று மொழிகள்!

இத்திட்டத்தை மீட்டுக்கொள்ளும் முடிவு 8 ஜூலை 2009இல் அறிவிக்கப்பட்டது. 2011இல் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டில் அறிவியல் மீண்டும் தமிழுக்குத் திரும்பியது. 2014இல் பி.எம்.ஆர். இடத்தில் பிடி3 வந்தது. பெருந்தொற்றால் 2020, 2021ஆம் ஆண்டுகளில் அது நடைபெறவில்லை. 2022இல் அறவே நீக்கப்பட்டது. பின்னர்க் கீழ்ப்படிவங்களுக்குக் கல்வித் தவணை இறுதித் தேர்வு அறிமுகமாகி, அதிலும் அறிவியல் இடம்பெற்றது. தேர்வின் பெயர் எத்தனை முறை மாறினாலும், தமிழிலிருந்து இன்னொரு மொழிக்குத் தாண்டும் அந்தப் படி மட்டும் மாறவில்லை.

வரலாறு கற்பிக்கும் மீள்பார்வை

ஒவ்வொரு தலைமுறையிலும் கருத்தைப் புரிந்துகொண்ட மாணவர் புதிய சொல்லைச் சில திங்களில் பற்றிக்கொண்டனர். விடையை மட்டும் மனனம் செய்தவர்க்கோ மொழி மாறியதும் கையில் ஒன்றும் எஞ்சவில்லை. ஆகவே மீள்பார்வையைத் தமிழில் தொடங்கி, தேர்வு மொழியில் முடிப்பதே சிறந்தது என்பது என் கருத்து.

குறிப்பேட்டின் பக்கத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் தமிழ்ச் சொல். வலப்பக்கம் மலாய்ச் சொல். தற்சார்பு மாறிக்கு எதிரே 'டிமானிபுலாசி', சார்பு மாறிக்கு எதிரே 'பெர்கெராக் பாலாஸ்', கட்டுப்படுத்தப்பட்ட மாறிக்கு எதிரே 'டிமாலார்கான்' என எழுதட்டும். விசை 'டாயா', ஆற்றல் 'தெனாகா'. தமிழில் இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்தவன் மலாயிலும் குழம்பமாட்டான். அதன்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முழு வாக்கியத்தைத் தேர்வு மொழியில் எழுதச் செய்யுங்கள். சொல் தெரிந்தும் வாக்கியம் அமைக்கத் தெரியாததாலேயே புள்ளிகள் பறிபோகின்றன.

சுற்றுப்புறத்தையும் பாடமாக்கலாம். 2016இல் செமினி ஆற்று நீர் துர்நாற்றத்தால் மாசுற்று, நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பலமுறை மூடப்பட்டது. எத்தனையோ வீடுகளில் குழாய்கள் வறண்டன. நீர்த் தூய்மிப்பு என்னும் இரண்டாம் படிவப் பாடத்தை இதைவிட நன்றாக எந்தப் படமும் விளக்காது. வடிகட்டினால் மண் நீங்கும். குளோரின் கிருமியைக் கொல்லும். ஆனால் நீரில் கரைந்துவிட்ட இரசாயனம் அவ்வளவில் நீங்குமா? இக்கேள்வியை வீட்டில் தமிழிலேயே பேசலாமே!

2005இல் நோட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் செமினிக்கு வந்து சேர்ந்தது. தோட்டமாக இருந்த வட்டாரத்தில் இன்று அறிவியல் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. நம் தமிழ்ப்பள்ளிகளுக்கும் அந்த ஆய்வுக்கூடங்களுக்கும் இடையிலான தொலைவைச் சாலை அளவால் கணக்கிட இயலாது. அது முதலாம் படிவத்தில் தொடங்கி மூன்றாம் படிவத்தில் முடிவாகும் தொலைவு. புகுமுக வகுப்பு ஆசிரியரும், ஆறாம் ஆண்டு ஆசிரியரும், பெற்றோரும் ஆளுக்கொரு கை கொடுத்தால் நம் பிள்ளைகள் அதைக் கடந்துவிடுவர்.

இந்த விடுமுறையில் அந்த இருபத்திக் குறிப்பேட்டைத் தொடங்கிவிடுங்கள், பெற்றோர்களே.