தெருக்குரல்: ஒரு ஹிப்ஹாப் பாடல் தொகுப்பின் வரலாறு

தெருக்குரல், 2019ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ் ஹிப்ஹாப் பாடல் தொகுப்பு. பாடல்களை எழுதிப் பாடியவர் அறிவு, இசையமைத்தவர் ஆஃப்ரோ. திரைப்படத்தைச் சாராமல் வெளியான இத்தொகுப்பு, சாதி, குடியுரிமை, அரச வன்முறை ஆகியவற்றை நேரடியாகப் பேசிய ராப் பாடல்களால் கவனம் பெற்றது.

பெயரே ஒரு சொல்விளையாட்டு. திருக்குறளின் எதிரொலி அதில் கேட்கிறது. எழுத்தில் குறளுக்கு வல்லின றகரம், குரலுக்கு இடையின ரகரம். பேச்சில் பெரும்பாலோர் இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை. வகுப்பறையில் பிழை என்று சிவப்பு மையால் சுழிக்கப்படும் இந்த ஒலி மயக்கத்தையே தலைப்பு தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது.

முன்வரலாறு

ஹிப்ஹாப் 1973இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், கறுப்பின மக்கள் மற்றும் கரீபியக் குடியேறிகளின் குடியிருப்புகளில் தோன்றியது. தமிழில் அது வேர்கொண்டது முதலில் மலேசியாவில்தான். யோகி பி மற்றும் நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' (2006) தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, தமிழில் முழுநீள ராப் சாத்தியம் என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருந்தது. 'காதலன்' (1994) படத்தின் பேட்டை ராப் அதற்கு முன்பே உண்டு என்றாலும் அது திரைப்பாடலின் எல்லைக்குள் நின்றது. 2012இல் ஹிப்ஹாப் தமிழா குழுவினர் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பை வெளியிட்டுப் பெரும் இளைஞர் கூட்டத்தை ஈர்த்தனர்.

திருப்பம் 2018 ஜனவரியில் நிகழ்ந்தது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. கானா, பறை, ராக், ராப் ஆகியவற்றைக் கலந்த இக்குழுவின் பெயர், 'சாதி பேதமற்றவர்கள்' என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பிறந்தது. அறிவு அக்குழுவின் ராப் பாடகர்.

அறிவு

அரக்கோணத்தில் பிறந்தவர், பொறியியல் படித்தவர். பெற்றோர் அறிவொளி இயக்கத்தில் பணியாற்றியவர்கள். மக்கள் மொழியில் பாடிக் கற்பித்த அந்த இயக்கத்தின் சாயல் மகனின் வரிகளில் இருப்பதில் வியப்பில்லை. பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். 1964இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வாறு திரும்பியோர் கொடைக்கானல் மலைப்பகுதியிலும் குடியேறினர்.

பாட்டின் கட்டமைப்பு

ஆங்கில ராப் பெரிதும் அடியிறுதி ஒலியொப்புமையை நம்புகிறது. தமிழ் இலக்கணத்தில் இதற்கு இயைபு என்று பெயர். தமிழில் வினைமுற்று விகுதிகள் தாமாகவே ஒத்து ஒலிப்பதால் இயைபு மிக எளிது. எளிது என்பதாலேயே சலிப்பும் தரும். நம் செய்யுள் மரபின் வலிமை அடிமுதலில் வரும் எதுகையிலும் மோனையிலும் உள்ளது. அறிவின் பாட்டு இவை இரண்டையும் தாளத்தின் நான்கு தட்டுக்குள் நெருக்கி அடுக்குகிறது. ஒப்பாரியின் இழுவையும் மேடைப் பேச்சின் ஏற்றமும் இடையிடையே வந்து போகின்றன. பழனியில் திருப்புகழ்ச் சந்தம் கேட்டு வளர்ந்த செவிக்கு இந்த வேகம் அந்நியமாகத் தோன்றாது. அருணகிரிநாதரின் தாளக்கட்டு இதைவிடக் கடினமானது.

பொருள்

தொகுப்பில் அதிகம் பேசப்பட்டவற்றுள் 'ஆன்டி இண்டியன்' ஒன்று. எதிர்க்கருத்துச் சொல்வோர் மீது தமிழக அரசியல் மேடைகளில் வீசப்பட்ட வசைச்சொல் அது. அந்தச் சொல்லையே தலைப்பாக்கி, இம்மண்ணின் குடி யார் என்ற கேள்வியைப் பாடல் திருப்பிக் கேட்டது. அநீதியைக் கண்டும் வாய்திறவாதோரைச் சுட்டும் பெயர் 'கள்ளமௌனி'. 'ஸ்னோலின்', 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த இளம்பெண்ணின் பெயர் தாங்கியது. நிகழ்வு நடந்து ஓராண்டு அளவிலேயே, கொல்லப்பட்டவரின் பெயரைச் சொல்லிப் பாடுவதற்குத் துணிவு வேண்டும்.

வரவேற்பு

தொகுப்புக்குப் பெருநிறுவன விளம்பரம் இல்லை. யூடியூப், கைப்பேசி, கல்லூரி மேடைகள் வழியாகவே அது பரவியது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியபின் அறிவும் ஆஃப்ரோவும் வெளியிட்ட 'சண்ட செய்வோம்' போராட்டக் களங்களில் ஒலித்தது. அச்சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டுமே குறிப்பிட்டது. இலங்கை அதில் இல்லை. திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்து முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு 2022இல் தமிழக அரசு 321 வீடுகள் கட்டித் தந்தது. வீடு கிடைத்தாலும் குடியுரிமைக் கேள்வி அப்படியே இருக்கிறது.

இப்பாடல்களுக்கான செவிகளைச் சென்னை மட்டும் உருவாக்கவில்லை. திண்டுக்கல்லில் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் 1990களிலிருந்தே தலித் இளம்பெண்களுக்குப் பறை கற்பித்து மேடையேற்றி வருகிறது. சாவுக்கு மட்டும் உரியது, ஆண்கள் மட்டும் அடிப்பது என்றிருந்த கருவியைப் பெண்கள் தலைநிமிர்ந்து இசைத்த அந்த வேலை, நகரத்து ராப் வருவதற்கு வெகுமுன்பே நடந்தது. இசை வரலாறு எழுதுவோர் இதனைப் போதிய அளவு குறிப்பதில்லை.

2021 மார்ச்சில் தீயுடன் அறிவு பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற, பாடலை எழுதிய அறிவு விடுபட்டார். பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்தபின் அறிவுக்குத் தனி மின்னட்டை வெளியானது. தொகுப்பின் பெயர் மட்டும் அவரை விட்டுப் பிரியவில்லை. 'தெருக்குரல் அறிவு' என்றே இன்றும் பலர் அழைக்கின்றனர்.